1,199 ரூபாய் நட்ஸ் பெட்டி: மூன்று மாதம் தின்று பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டிக்கு ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார், உள்ளே இருக்கிற சரக்குக்கு நான்கு. ஏன் இப்படிப் பிரித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம்.

போன பிப்ரவரியில் ஆபீஸில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. எனக்கு 46 வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் ஓரத்தில் நிற்கிறது, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 148. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "மூணு மாசம் சாப்பாட்டைப் பாருங்க, நடங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். அன்று ராத்திரியே போனில் அந்த விளம்பரம் வந்து நின்றது (நாம் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறதோ என்கிற சந்தேகம் உங்களுக்கும் இருக்கும்). மாதச் சந்தா, 30 நாளைக்கு 30 பாக்கெட், ஒவ்வொன்றும் 28 கிராம், விலை 1,199. இதயம் பத்திரம், மூளை சுறுசுறுப்பு, ஆயுள் கூடும், எல்லாம் 30 ஆண்டு ஆராய்ச்சியில் நிரூபணம் ஆனது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். பயந்த மனுஷன் எதையும் வாங்குவான், நானும் வாங்கினேன். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டி விற்கிறவர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள், எல்லாருடைய அட்டையிலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான்.

பெட்டி பார்க்க அழகு, தீபாவளிக்கு யாருக்காவது கொடுக்கலாம் போல இருந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதையும் எடைபோட்டுப் பார்ப்பேன். மனைவி கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் ஒரு பாக்கெட்டைக் கொட்டிப் பிரித்தேன். பாதாம் ஆறு, 7 கிராம். முந்திரி நான்கு, 6 கிராம். வால்நட் ஒரே ஒரு பாதி, 2 கிராம். உரித்த பிஸ்தா மூன்று, அதுவும் 2 கிராம் கூட நிற்கவில்லை. பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் சேர்ந்து 2. மிச்சம் 9 கிராம் உலர் திராட்சையும் கிரான்பெர்ரியும். கிரான்பெர்ரி தன்னால் இனிக்காத பழம், சர்க்கரையில் ஊறவைத்துத்தான் உலர்த்துவார்கள், பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சர்க்கரை என்று இருக்கவும் செய்கிறது. ஆக 28 கிராம் 'நட்ஸ்' என்று நான் காசு கொடுத்ததில் நிஜமான நட்ஸ் 17 கிராம்தான்.

முந்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் 'ஜம்போ முந்திரி' என்று போட்டிருந்தது. முந்திரி வியாபாரத்தில் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று ரகம் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண், எண் கூடக்கூடப் பருப்பு சின்னதாகும். எனக்கு வந்தது ஒன்று ஒன்றரை கிராம். கணக்குப் போட்டால் டபிள்யூ 320, வீட்டில் பாயசத்துக்கு வாங்குகிற அதே சாதா ரகம். ருசியில் குறையில்லை, நல்ல முந்திரிதான். ஆனால் ஜம்போ என்றால் டபிள்யூ 210, அது ஒன்று இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் போய் இதை ஜம்போ என்று சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த '30 ஆண்டு ஆராய்ச்சி' பொய்யா? பொய் இல்லை. 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அமெரிக்காவில் 76,464 நர்ஸ் பெண்களையும், மருத்துவத் துறையில் வேலை பார்த்த 42,498 ஆண்களையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சில வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டே போனார்கள், பெண்களை 30 வருஷம் வரை. தினமும் நட்ஸ் சாப்பிட்டவர்களிடையே, சாப்பிடாதவர்களைவிட இறப்பு 20 சதவீதம் குறைவு. செலவில் பெரும்பங்கு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களுடையது. நட்ஸ் வியாபாரிகள் சங்கத்தின் அறக்கட்டளையும் ஒரு பங்கு கொடுத்தது, அதை அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள், அட்டையில் யாரும் சொல்வதில்லை.

இந்த 20 சதவீதத்தைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். என் நண்பன் ஒருவன், 80 வயது வாழ வேண்டியவன் 96 வாழ்வான் என்று நிஜமாகவே கணக்குப் போட்டான். அப்படி இல்லை. ஒரே வயதுடைய இரண்டு கூட்டத்தை எடுத்துக்கொண்டால், கவனித்த காலத்துக்குள் இந்தக் கூட்டத்தில் 100 பேர் போயிருந்தால் அந்தக் கூட்டத்தில் 80 பேர் போயிருப்பார்கள், அவ்வளவுதான். அதுவுமே நட்ஸால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் அதே ஆய்வில் நட்ஸ் சாப்பிட்டவர்கள் ஒல்லியாக இருந்தார்கள், சிகரெட் குறைவாகப் பிடித்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், காய்கறி பழம் அதிகம் தின்றார்கள். நம்ம ஊரிலும் பாருங்கள், காலையில் ஊறவைத்த பாதாமை எண்ணித் தின்கிறவர்தான் ஆறு மணிக்கு பார்க்கில் கையை வீசி நடக்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை மாஸ்டர் செக்கப்பும் போகிறார். அவர் நீண்ட நாள் இருந்தால் பெருமையைப் பாதாமுக்கு மட்டும் கொடுப்பது நியாயமா? ஆராய்ச்சிக்காரர்கள் இதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் 20 என்றார்கள். ஆனால் கழிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருப்பவையும் இருக்கத்தான் செய்யும்.

இதற்கு முன்னாலேயே, 1992இல், கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் இருந்து ஒன்று வந்தது. அங்கே செவந்த் டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் நிறைய. புகை, மது பெரும்பாலும் கிடையாது, பாதிப் பேர் போல சைவம். அவர்களில் சுமார் 31,000 பேரைப் பார்த்ததில், வாரத்துக்கு நான்கு தடவைக்கு மேல் நட்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய பாதி. எனக்கு இது கொஞ்சம் பிடித்தது, ஏனென்றால் ஒப்பிட்டது அவர்களுக்குள்ளேயே. இரண்டு பக்கமும் சிகரெட் பிடிக்காதவர்கள் என்பதால் அந்தச் சாக்கு பாதி அடிபட்டுப் போகிறது.

கேள்விக்குப் பதிலை எழுதி வாங்குவது ஒரு வகை, கையில் கொடுத்துத் தின்னவைத்துப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவதைச் செய்தது ஸ்பெயின். பிரெடிமெட் என்று பெயர், 7,447 பேர், எல்லாரும் இதய நோய் வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். இரண்டு கூட்டத்துக்கு மத்தியதரைக்கடல் பாணிச் சாப்பாடு, அதோடு ஒன்றுக்கு ஆலிவ் எண்ணெய் இலவசம், இன்னொன்றுக்கு நட்ஸ் இலவசம், மூன்றாவதுக்குக் கொழுப்பைக் குறையுங்கள் என்று அறிவுரை மட்டும். சுமார் ஐந்து வருஷத்தில் நட்ஸ் கூட்டத்துக்கு மாரடைப்பு, பக்கவாதம், அதனால் இறப்பு எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 28 சதவீதம் குறைவு, முக்கியமாகக் குறைந்தது பக்கவாதம். நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டிய ஆட்களைச் சில இடங்களில் குலுக்காமலேயே ஒரே வீட்டில் இருப்பவர்களை ஒரே பக்கம் போட்டுவிட்டார்கள் என்று தெரியவந்து, 2018இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு, அடக்கமான வார்த்தைகளில் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் கவனியுங்கள், ஒட்டுமொத்த இறப்பு குறைந்தது என்று அந்த ஆய்வில் உறுதியாகக் காட்ட முடியவில்லை. 'ஆயுள் கூடும்' என்று அட்டையில் அடிக்கிறவர்களுக்கு இந்த இடம் கண்ணில் படுவதே இல்லை.

அங்கே கொடுத்தது தினம் 30 கிராம், அதில் பாதி வால்நட், 15 கிராம். என் பாக்கெட்டில் இருந்தது 2 கிராம். ஆராய்ச்சியைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு, ஸ்பெயின் ஆய்வில் கொடுத்த வால்நட்டில் ஏழில் ஒரு பங்கைக் கொடுப்பது, பிரியாணி படத்தைக் காட்டிக் குஸ்கா பரிமாறுகிற கதைதான்.

இங்கே கம்பெனிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும், எனக்கே இது ஆச்சரியம். 2016இல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், தினம் 15 முதல் 20 கிராம் வரைதான் பலன் ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு மேல் தின்றால் பெரிதாகக் கூடுவதில்லை என்று கண்டார்கள். அப்படிப் பார்த்தால் என் 17 கிராம் மோசமில்லை. தெரியாமல் சரியான இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு பாக்கெட் 40 ரூபாயா என்பது வேறு கேள்வி.

என் ரத்தம் என்ன சொன்னது? மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 139. ஒன்பது குறைந்திருக்கிறது. பெட்டிக்கு ஐந்து ஸ்டார் போட்டுவிடலாமா என்று கை அரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், 25 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் வருஷக் கட்டுரை ஒன்றில் எல்டிஎல் சராசரியாக 7.4 சதவீதம் இறங்கியது, அதற்கு அவர்கள் தின்றது சராசரியாக நாளைக்கு 67 கிராம். நான் தின்றது அதில் கால்வாசி. அதே மூன்று மாதத்தில் நான் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தேன். நாலு மணிக்கு ஆபீஸ் கேன்டீனில் இரண்டு மசால் வடையும் டீயும் என்று இருந்த பதினெட்டு வருஷப் பழக்கம் போய், அந்த நேரத்துக்கு இந்தப் பாக்கெட். ஒரே லேபிலேயே வாரத்துக்கு வாரம் நாலைந்து புள்ளி முன்னே பின்னே வரும் என்றும் டாக்டர் சொன்னார். இத்தனைக்கு நடுவில் ஆறு பாதாம் எத்தனை புள்ளியை இறக்கியது என்று யாரால் சொல்ல முடியும். என் சந்தேகமெல்லாம், வேலை செய்தது பாக்கெட்டை விட, தின்னாமல் விட்ட வடைதான் என்று. நட்ஸைச் சாப்பாட்டோடு கூடுதலாகத் தின்னாமல் எதையாவது எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தால்தான் அதற்கு அர்த்தம் என்பது என் அனுபவம்.

எடை ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். முழுப் பாதாமை மென்று தின்றால் அதில் உள்ள கொழுப்பு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை, கொஞ்சம் அப்படியே வெளியே போய்விடுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆட்கள் 2012இல் அளந்து பார்த்ததில், 28 கிராம் பாதாமில் லேபிள் கணக்கு 170 கலோரி, உடம்புக்குக் கிடைத்தது 129தான். மாவாக, வெண்ணெயாக அரைத்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. பாதாம் பாலில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு நட்ஸ் சாப்பிட்டேன் என்று கணக்கு எழுதாதீர்கள்.

முந்திரியைப் பார்த்தாலே கொழுப்பு என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு தகவல். முதலில், எந்தத் தாவரத்திலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. அடுத்து, நம்ம சென்னையிலேயே டாக்டர் மோகனின் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக் குழு 300 சர்க்கரை நோயாளிகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பாதிப் பேருக்கு 12 வாரம் தினம் 30 கிராம் முந்திரி. எடை ஏறவில்லை, கெட்ட கொழுப்பு ஏறவில்லை, நல்ல கொழுப்பு கொஞ்சம் கூடியது, பிரஷரின் மேல் எண் சராசரியாக 5 போல இறங்கியது, தின்னாதவர்களுக்கு 2 போல. அற்புதம் ஒன்றும் இல்லை, ஆனால் முந்திரியை வில்லனாக வைத்திருப்பதை நிறுத்தலாம். நெய்யில் வறுத்து உப்பு மிளகு தூவினது இதில் சேராது, அது எனக்கும் வருத்தம்தான்.

இனி பெட்டியின் குறைகள். இரண்டாவது மாதப் பெட்டியைப் பிரித்ததுமே சிக்கு வாடை. பழைய எண்ணெய் டின்னைத் திறந்தால் வருமே, அது. வால்நட்டைக் கடித்தால் தொண்டையில் காறல். வால்நட்டில் நூற்றுக்கு 65 பங்கு கொழுப்பு, அதிலும் சீக்கிரம் கெடுகிற வகைக் கொழுப்பு, சூடும் வெளிச்சமும் காற்றும் அதற்குச் சத்ரு. இவர்கள் அதைக் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக்கில் போட்டு, சென்னை வெயிலில் கோடவுனில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பாக்கெட் போட்ட தேதி நான்கு மாதம் முந்தையது. புகார் எழுதினேன், "இயற்கையான பொருள் என்பதால் சுவையில் மாற்றம் இருக்கலாம்" என்று பதில் வந்தது, கூடவே அடுத்த ஆர்டருக்கு 100 ரூபாய் கூப்பன். கெட்டுப்போனதைத் தின்றவனுக்கு இன்னும் கொஞ்சம் தின்ன தள்ளுபடி! நீங்கள் எங்கே வாங்கினாலும் வால்நட்டை மட்டும் கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இதற்கு நடுவில் திண்டிவனத்தில் இருந்து அம்மா வந்திருந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விலையைச் சொன்னேன். "ஆயிரத்து இருநூறா? நம்ம மல்லாட்டையில இல்லாதது இதுல என்னடா இருக்கு?" என்றார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். நான் படித்த திமிரில் அது நட்ஸே இல்லம்மா, பருப்பு வகை என்று சொல்லிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து தேடினால் அம்மா சொன்னதுதான் சரி. செடிக் குடும்பப்படி அது துவரை, உளுந்துக்குச் சொந்தம், ஆனால் சத்தைப் பார்த்தால் பாதாமுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 100 கிராமில் புரதம் வேர்க்கடலையில் 25 கிராம், பாதாமில் 21, முந்திரியில் 18. பாதாமில் வைட்டமின் ஈ அதிகம், வால்நட்டில் ஒமேகா 3 உண்டு, அந்த வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆயுள் விஷயத்தில் எனக்கு அதிகம் நம்பிக்கை கொடுத்த ஆய்வு எது தெரியுமா, இந்த மல்லாட்டை ஆய்வுதான். 2015இல் வந்தது, அமெரிக்கத் தென் மாநிலங்களில் பெரும்பாலும் வருமானம் குறைந்த கறுப்பின, வெள்ளை மக்கள், அப்புறம் சீனாவின் ஷாங்காய் மக்கள், மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்கள் தின்ற நட்ஸில் பெரும்பகுதி வேர்க்கடலை. அங்கேயும் அதிகம் தின்றவர்களிடையே இறப்பு 17 முதல் 21 சதவீதம் வரை குறைவு. பணக்காரன் பாதாம் தின்கிறான், பணக்காரன் நீண்ட நாள் வாழ்கிறான் என்கிற என் சந்தேகத்துக்கு இது ஓரளவு பதில், ஏனென்றால் கடலை தின்பவன் பணக்காரனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முழுப் பதில் இல்லை, இதுவும் கேட்டுக் குறித்துக்கொண்ட ஆய்வுதான். நெதர்லாந்தில் 1,20,000 பேருக்கு மேல் பார்த்ததிலும் கடலைக்கு இதே மாதிரி பலன் வந்தது, ஆனால் கடையில் விற்கிற பீநட் பட்டருக்கு வரவில்லை.

எங்கள் தெருக் கடையில் உரித்த பச்சைக் கடலை கிலோ 170 ரூபாய். 30 கிராம் ஐந்து ரூபாய் சொச்சம். பெட்டியில் வந்த அதே கலவையைத் தனித்தனியாக வாங்கினால்கூட 28 கிராம் 24 ரூபாய்க்குள் முடிகிறது, பெட்டியில் 40. மிச்சம் 16 ரூபாய் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலையில் கவனிக்க வேண்டியது பூஞ்சை. ஈரத்தில் கிடந்த கடலையில் வளர்கிற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சை விடும், கல்லீரலுக்கு ரொம்பக் கெடுதல், வறுத்தாலும் முழுசாகப் போகாது. சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எதையும் பாவம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள், ஒன்று கசந்தால் வாயில் இருப்பதையும் துப்புங்கள். கடலை மாவில் பிரட்டிப் பொரித்த மசாலா கடலை வேறு கணக்கு, அதில் எண்ணெயும் உப்பும்தான் முன்னால் நிற்கும். ஒவ்வாமை இருப்பவர்கள் தொடவே வேண்டாம். சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் பாதாம் முந்திரி பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் முழுக் கடலையோ பாதாமோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துவிடும். இந்தப் பெட்டியில் அந்த எச்சரிக்கை எங்கேயும் இல்லை, அரை ஸ்டார் அதற்காகவே குறைத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு கை கடலையை இரும்புச் சட்டியில் மணலில்லாமல் வெறுமனே வறுத்து டப்பாவில் போட்டுவைக்கிறேன், பாதாம் கால் கிலோ, வால்நட் 100 கிராம் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். ஊறவைத்துத் தோலை உரிப்பதையும் விட்டுவிட்டேன், தோலிலும் நார்ச்சத்து இருக்கிறது, அம்மாவுக்குப் பல் இல்லாததால் அவருக்கு மட்டும் ஊறவைக்கிறோம். நாலு மணிக்கு ஒரு சின்னக் கிண்ணம், டீயில் பாதிச் சர்க்கரை. வடை வெள்ளிக்கிழமை மட்டும்.

சந்தாவை நிறுத்துவது தனிக் கதை. ஆப்பில் 'சேர' பட்டன் பச்சையாகப் பெரிதாக இருக்கிறது, 'நிறுத்த' பட்டனைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன், நிறுத்திவிட்டோம் சார் என்றார்கள், பிறகும் நாலாவது பெட்டி வாசலில் வந்து நின்றது, பணமும் கார்டில் போயிருந்தது. வாங்காமல் திருப்பி அனுப்பினேன். டெலிவரிப் பையன், "இதுல என்ன சார், எல்லாரும் திருப்பி அனுப்புறாங்க" என்று கேட்டான். பணம் எட்டு நாளில் திரும்பி வந்தது. அதனால் மேலே போட்ட ஒன்றரையை இரண்டாக்கிக்கொள்ளுங்கள்.